வாளி வாசலுக்கு வந்த கதை

மலருக்கு எழுதச் சொல்லி நம்ம செயலாளர் வந்தப்போ, "சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் எழுதுவாங்க, நீங்க குப்பையைப் பத்தி எழுதுங்கக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். யோசித்துப் பார்த்தால், குழுக் கூட்டத்தில் கடனுக்கு அடுத்தபடி நாம் அதிகம் பேசியது குப்பையைப் பற்றித்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு கொல்லையில் எருக்குழி இருக்கும். சாணம், அடுப்புச் சாம்பல், வாழைச்சருகு, மீன் கழுவிய செதில் எல்லாம் அதில்தான் விழும். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஓட்டைப் பித்தளையும் பழைய இரும்பும் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும். தெருவில் கொட்ட ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் மாடு போச்சு, கொல்லை மனைக்கட்டாச்சு, பிளாஸ்டிக் பை வந்துச்சு. தெருமுனையில் தொட்டி வைத்தார்கள். தொட்டிக்கு உள்ளே விழுந்ததைவிட வெளியே விழுந்ததுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தப் பைகள் சாக்கடையை அடைத்துக்கொள்ள, முழங்கால் தண்ணீர் அடுப்படிக்குள் வரும். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிய ராத்திரிகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் நம்ம ஊர் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1880-ல் கொம்யூன் முறை வந்தது. இன்றைக்கும் ஒரு நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. ஆனால் புதுச்சேரி மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அதற்கடுத்து 2006-ல்தான் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்த பிறகு இதை எழுதும் வரை மறுபடி நடக்கவில்லை. பக்கத்து நாகப்பட்டினத்துப் பெண்களுக்கு வார்டு உறுப்பினர் இருப்பார். நமக்கு இருந்தது தீர்மான நோட்டு. பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்பு முத்திரை வைத்து எடுத்துப் போனால்தான் அதிகாரிகள் உட்காரச் சொன்னார்கள்.

சட்டம் என்னவோ நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அல்மித்ரா பட்டேல் என்ற அம்மா 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதையொட்டி 2000-ல் வந்த விதிகளே வீட்டுக்கு வீடு போய்க் குப்பை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. நம்ம வாசலில் விசில் சத்தம் கேட்க இன்னும் பல வருஷம் ஆனது.

விசில் கேட்ட புதிதில் நான் மக்கும் குப்பையை ஒரு வாளியிலும் மக்காததை ஒரு வாளியிலும் அக்கறையாகப் பிரித்து வைத்தேன். வந்த வண்டியில் ஒரே பெட்டி. இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து நானும் ஒரே வாளி. "பிரிச்சு என்னத்தைக் கண்டோம்?" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் நானே சொன்னேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த வண்டிக்காரர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் பிரிப்பதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

அதைக் கேட்ட ஊர்கள் உண்டு. புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993-ல் சங்கம் கட்டினார்கள். 2008-ல் 'ஸ்வச்' என்று கூட்டுறவு அமைத்து மாநகராட்சியோடு ஒப்பந்தமே போட்டார்கள். வீடுகள் மாதக் கட்டணம் தரும், பாட்டிலும் அட்டையும் விற்ற காசு அவர்களுக்கு. பிரித்துக் கொடுத்தால் அவர்கள் வருமானம் கூடுகிறது, அதனால் கலக்க மாட்டார்கள். சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்ற ஊர் நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அங்கே இறங்கியது நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள். 2015-ல் ரிது சைன் என்ற பெண் கலெக்டர் தொடங்கி வைத்தார். வழிகாட்டியவர் நம்ம வேலூர் சீனிவாசன். நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் 48 வார்டிலும் வண்டி தள்ளிப் போய் வாங்கி, கொட்டகையில் ரகம் ரகமாகப் பிரித்து விற்கிறார்கள். குப்பைமேடாகக் கிடந்த இடம் பூங்காவாகிவிட்டது. ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுபோனால் சாப்பாடு போடும் கடை கூட 2019-ல் திறந்தார்கள். அந்தக் கடையைத்தான் டிவியில் காட்டினார்கள். எனக்கு அந்தக் கொட்டகைதான் பெரிசு.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகளில் ஒரு வரி இருந்தது, நம்மில் பலருக்குத் தெரியாது. உள்ளாட்சிகள் சுயஉதவிக் குழுக்கள் அமைய உதவி, அடையாள அட்டை கொடுத்து, வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையில் சேர்த்துக்கொள்ள ஊக்கப்படுத்த வேண்டும் என்றது. நாப்கினை நன்றாகச் சுற்றி மக்காத குப்பை வாளியில் போட வேண்டும் என்று சொன்னதும் அதே விதிதான். இன்னொரு பெண்ணின் கை அதைத் தொடும் என்று நினைத்தாலே நாம் செய்துவிடுவோம், விதி தேவைப்படாது.

இந்த வரியைப் போன கூட்டத்தில் படித்துக் காட்டினேன். உடனே சண்டை. "கடன் வாங்கிக் கடை வெச்சுப் பொழைக்கிறோம், நாம போயிக் குப்பை அள்ளணுமா?" என்றார் ஒருவர். இந்த வேலையைக் காலம் காலமாகச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டதால் வரும் பேச்சு அது. அந்தத் தெருவிலிருந்து வந்த உறுப்பினர்கள் இருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவர்களில் மூத்தவர் எழுந்து, "வீட்டுக் குப்பையை தினமும் நீங்கதானே அள்ளுறீங்க, அதுவும் சம்பளம் இல்லாம. நான் சம்பளம் வாங்கிக்கிட்டு அள்ளினேன். ஆனா கையுறை கேட்டா அடுத்த மாசம்னு சொன்னாங்க" என்றார்.

தீர்மானத்தை அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். மாதச் சம்பளம் எழுத்தில் இருக்க வேண்டும். கையுறை, காலுறை, வருஷத்துக்கு ஒரு தடவை வைத்தியப் பரிசோதனை. வண்டியில் இரண்டு பெட்டி. விற்ற காசில் தள்ளுகிறவருக்குப் பங்கு. இவை கிடைத்தால் மட்டும் குழுக்கள் பேர் கொடுக்கும், எந்தத் தெருக்காரரும் கொடுக்கலாம். கீழே இருபத்தொரு கையெழுத்து. முதலில் சண்டை போட்டவருடையது பத்தொன்பதாவது. நானும் அன்று ராத்திரியே இரண்டாவது வாளியைக் கழுவி வாசலில் வைத்தேன்.