பழைய எழுத்து பிழையா?

ஔந்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாலை, என் பேத்தி ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “என்ன தாத்தா இது? தௌ, தீ, ஹாத்... எல்லாம் தப்புத் தப்பா இருக்கு!”

“உன் தோழியை மராத்தியில் எப்படிக் கூப்பிடுவே?”

“தூ.”

“அவ அம்மாவை?”

“தும்ஹி.”

“அவ்வளவுதான். தௌ என்றால் நீ, யூ என்றால் நீங்கள்.”

நீங்கள், தும்ஹி, யூ மூன்றும் முதலில் பன்மை. பின்னர் மரியாதைக்கு வந்தவை. 1603-ல் சர் வால்டர் ராலே மீது நடந்த ராஜத் துரோக விசாரணையில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தௌ’ என்று விளித்து அவமதித்தார். பெரியவரைச் சபையில் ‘நீ’ என்றால் நமக்குச் சுருக்கென்று தைப்பது போலத்தான். 17-ஆம் நூற்றாண்டில் பொதுப்பேச்சில் தௌ தேய்ந்து, யூ எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இலக்கணமும் நமக்குப் பழகியதே. நீ போகிறாய், அவன் போகிறான் என்று நாம் விகுதி மாற்றுகிறோம். அந்த ஆங்கிலம் ‘தௌ கோயெஸ்ட், ஹி கோயெத்’ என்று மாற்றியது. ஹாத் என்பது இன்றைய ஹாஸ். சொற்பொருளும் மாறும். இதே நாடகத்தில் ‘நைஸ்’ என்பது ‘அற்பமான’ என்ற பொருளில் வருகிறது. நறுமணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைக்கவில்லையா?

ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1623-ல் அவருடைய 36 நாடகங்கள் ஒரே பெருந்தொகுதியாக அச்சாயின. அதில் ‘ஜே’ தனி எழுத்தாக இல்லை. ஜூலியஸ் ‘ஐ’ எழுத்தில்தான் தொடங்குகிறார். அது பிழையன்று, அக்கால வழக்கம்.

இதைச் சொன்னதும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. அலமாரியிலிருந்து 1970-ல் ஊரிலிருந்து என் தாயார் எழுதிய கடிதத்தை எடுத்து வந்தேன். என் மகனுக்குத் தமிழ் எழுத்துக் கற்றுத்தராமல் விட்டது என் குறை, பேத்திக்குக் கற்றுத்தந்தேன். அவளோ முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“கொள்ளுப்பாட்டி ‘இல்லை’யைத் தப்பா எழுதியிருக்காங்க. ‘அவுந்து’ன்னு வேற இருக்கு.”

‘லை’யின் தலையில் யானைத் தும்பிக்கை போன்ற பழைய கொம்பு! பெரியார் 1935-ல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவி, 1978-ல் தமிழக அரசு ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் அம்மா கற்றது அந்த எழுத்து. அவுந்து? ஔவையாரை அவ்வையார் என்றும் எழுதுகிறோமே!

“அப்போ ஷேக்ஸ்பியரும் தப்பில்லை, கொள்ளுப்பாட்டியும் தப்பில்லை” என்றவள், கடிதத்தை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தாள். பணம் அனுப்ப வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்பதுதான் செய்தி. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அந்தக் குரல் அன்று அவள் வாயில் கேட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இப்படி எத்தனை கடிதங்கள் பெட்டியில் கிடக்கின்றனவோ! இந்த விடுமுறையில் ஒன்றை வெளியே எடுங்கள். பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துப் படியுங்கள்.