கல்லூரிக் கூடைப்பந்து: படிப்பை முடிக்காமல் தொழில்முறைக்குச் செல்லுதல்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடும் கூடைப்பந்து வீரர்கள் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பின் நடுவிலேயே விலகி என்.பி.ஏ. போன்ற தொழில்முறைக் கூட்டமைப்புகளில் சேர்வது, 1971 முதல் அங்கே சட்டப்படி நடந்துவரும் வழக்கம். அதற்கு முன்பு அதற்குத் தடை இருந்தது. 2006க்குப் பிறகு, நாட்டின் தலைசிறந்த இளம் வீரர்கள் ஒரே ஆண்டு கல்லூரியில் இருந்துவிட்டுக் கிளம்புவது இயல்பாகிவிட்டது. 2021க்குப் பிறகு இப்படி விலகுவோர் தொகை வேகமாகச் சரிந்திருக்கிறது. கூடைப்பந்து உலகில் இதைப் பற்றி யார் பேசினாலும் படிப்பைப் பற்றிய கவலையோடுதான் பேசத் தொடங்குவார்கள். விதிகள் மாறிய வரிசையைப் பார்த்தால் வேறொன்று புலப்படும்: பத்தொன்பது, இருபது வயது வீரனின் உழைப்புக்கு யார் காசு கொடுப்பது, யார் கொடுக்காமல் இருந்துவிடுவது என்ற கணக்கு.

என்.பி.ஏ.யில் புதியவர்கள் நுழைவது டிராஃப்ட் வழியாக. ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக ஜூன் மாதத்தில், 30 அணிகளும் முறைவைத்து இரண்டு சுற்றுகளில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். எந்த அணி என்பதை வீரர் முடிவு செய்ய முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் முதலிரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அந்த உறுதி கிடையாது. படிப்பைப் பாதியில் விடுபவர் எடுக்கும் துணிச்சலின் அளவு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நான்கு ஆண்டுத் தடை

பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாத எவரையும் சேர்ப்பதில்லை என்பது தொடக்ககால என்.பி.ஏ.யின் விதி. அந்த நான்கு ஆண்டும் வீரர் கல்லூரியில் படித்தாரா, வீட்டில் சும்மா இருந்தாரா என்று விதி கேட்கவில்லை. கல்லூரி அணிகளின் நட்சத்திரங்களைப் பறிக்காமல் இருந்தால் போதும். அதற்குக் கைமாறாக, நான்கு ஆண்டு பயிற்சி பெற்று, நாடறிந்த பெயரோடு வீரர்கள் செலவில்லாமல் வந்து சேர்ந்தார்கள். கல்லூரிகளுக்கோ அரங்கு நிறைந்தது. வீரருக்குக் கட்டணச் சலுகையும் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும்.

இந்த ஏற்பாட்டில் முதலில் மூச்சுமுட்டிய பெரிய பெயர் வில்ட் சேம்பர்லேன். கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முடிந்ததும், 1958இல், அவர் வெளியேறினார். என்.பி.ஏ. கதவு இன்னும் ஓராண்டு திறக்காது. அந்த ஓராண்டை வித்தைகாட்டி ஊர் ஊராக ஆடும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவில் கழித்தார். ஏன் கல்லூரியை விடுகிறேன் என்று எழுதிய கட்டுரையை லுக் இதழுக்கு 10,000 டாலருக்கு விற்றார். 1959இல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்கு வந்த அவர்தான், 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்து இன்றுவரை முறியாத சாதனையைப் படைத்தவர். அப்படிப்பட்டவரையே ஓராண்டு வெளியே நிறுத்திவைத்த விதி அது.

ஹேவுட் வழக்கு

தடையை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1949இல் மிசிசிப்பி மாநிலத்தின் சில்வர் சிட்டியில், பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர்; சிறுவனாகப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதில், தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. அடுத்த பருவம் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்.

அப்போது என்.பி.ஏ.க்குப் போட்டியாக ஏ.பி.ஏ. என்ற கூட்டமைப்பு 1967 முதல் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் சேர்க்கப் பெயர்கள் தேவைப்பட்ட அந்த அமைப்பு, குடும்பக் கஷ்டம் உள்ளவருக்கு விலக்கு என்று ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அந்த வழியே 1969இல் டென்வர் ராக்கெட்ஸ் அணிக்குச் சென்ற ஹேவுட், முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளையும் வென்றார். ஒப்பந்தத்தில் காட்டப்பட்ட பெருந்தொகையில் பெரும்பங்கு பல ஆண்டு கழித்துத்தான் கைக்கு வரும் என்பது பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது. தகராறு முற்றியது. என்.பி.ஏ.யின் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் உரிமையாளர் சாம் ஷுல்மன், விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

என்.பி.ஏ. சம்மதிக்கவில்லை, வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை சில ஊர்களில் ஹேவுட் களத்தில் இறங்கியதும், சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் ஆடுகிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம்; பின்னாளில் அவரே பலமுறை சொன்ன செய்தி இது. போட்டியாளர்கள் ஒன்றுகூடி ஒருவரின் பிழைப்பைத் தடுப்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்பது அவர் தரப்பு வாதம். 1971 மார்ச் 1ஆம் தேதி, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், ஹேவுட் தொடர்ந்து ஆடலாம் என்ற கீழ்நீதிமன்ற ஆணையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் என்.பி.ஏ. சமரசத்துக்கு வந்தது.

உடனே முழுக்கதவும் திறக்கவில்லை. வறுமையை நிரூபிப்பவர் மட்டும் முன்கூட்டியே வரலாம் என்று அதே ஆண்டில் என்.பி.ஏ.யும் ஒரு கஷ்ட விலக்கு வைத்தது. திறமைசாலிகள் எல்லாருமே ஏழைகள் என்று ஆகிவிட்டதால், அந்தச் சோதனை விரைவிலேயே சடங்காகிப்போனது. 1976இல் அதைக் கைவிட்டார்கள். கல்லூரி ஆட்டத்தகுதியை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றானது. இந்த வழியாகக் கோடீஸ்வரர் ஆனவர்கள் ஏராளம். வழி வெட்டிய ஹேவுட்டுக்குக் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2015இல்தான்.

விட்ட பட்டம்

1979இல் மிச்சிகன் ஸ்டேட் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டே ஆண்டில் கிளம்பினார் மேஜிக் ஜான்சன். 1981இல் இந்தியானாவின் ஐசையா தாமஸ் அதையே செய்தார். வட கரோலினாவில் மைக்கேல் ஜோர்டன் 1984இல் மூன்றாம் ஆண்டோடு விலகியபோது, போகச் சொல்லி அறிவுரை கூறியவர் அவருடைய பயிற்சியாளர் டீன் ஸ்மித். தன் அணி பலவீனமாகும் என்று தெரிந்தும் மாணவனின் சந்தை நிலவரத்தை விசாரித்துச் சொன்ன பயிற்சியாளர்கள் அக்காலத்தில் அதிகம் இல்லை.

வெளியேறியவர்கள் படிப்பை மறந்துவிட்டார்கள் என்பதும் சரியல்ல. ஜோர்டன் 1986இல் புவியியலில் பட்டம் பெற்றார். தாயிடம் கொடுத்த வாக்கின்படி தாமஸ் 1987இல் முடித்தார். லூசியானா ஸ்டேட்டை 1992இல் விட்ட ஷகீல் ஓ'நீல் 2000இல் முடித்தார். டேவிட்சன் கல்லூரியை 2009இல் விட்ட ஸ்டீபன் கரி, நான்கு என்.பி.ஏ. கோப்பைகளுக்குச் சொந்தக்காரரான 2022இல் பட்டதாரி ஆனார்.

இவற்றில் வின்ஸ் கார்ட்டரின் கதை தனி. 1998இல் வட கரோலினாவை விட்டவர், விடுமுறைகளில் படித்து 2001இல் தேர்ச்சி பெற்றார். பட்டமளிப்பு விழா மே 20ஆம் தேதி காலை. அன்று மாலையே பிலடெல்பியாவில் அவருடைய டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு பிளே-ஆஃப் தொடரின் வாழ்வா சாவா என்ற ஏழாவது ஆட்டம். காலையில் விழாவுக்குப் போய்விட்டு விமானத்தில் திரும்பி ஆடினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை. ஒரே புள்ளியில் தோல்வி. பட்டமில்லாமல் போனவர்களைத் திட்டிவந்த அதே விளையாட்டுப் பத்திரிகைகளில், பட்டம் வாங்கப் போனதற்காக அவருக்குத் திட்டு விழுந்தது.

சம்பளக் கடிகாரம்

1990களின் நடுவில் விலகுவோர் பெருகியதற்கு ஒரு சம்பள விதியே பெரும் காரணம். 1994 டிராஃப்டில் முதலிடத்தில் எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன், ஓர் ஆட்டம்கூட ஆடாமலே மில்வாக்கி அணியுடன் பத்து ஆண்டுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். உரிமையாளர்கள் கொதித்தார்கள், மூத்த வீரர்களும் ரசிக்கவில்லை. அடுத்த ஆண்டே, புதியவரின் சம்பளம் அவர் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தது என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். செலவைக் கட்டுப்படுத்தச் செய்த காரியம் இது. விளைவு வேறாக இருந்தது. பெரும்பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் என்று ஆகிவிட்டதால், முதல் ஒப்பந்தத்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு லாபம். கல்லூரியில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வோர் ஆண்டும், பின்னால் வரவேண்டிய ஒரு பெரிய சம்பள ஆண்டைத் தின்றது.

1995 டிராஃப்டில் முதல் நான்கு இடங்களில் எடுக்கப்பட்ட நால்வருமே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மட்டும் முடித்தவர்கள். ஐந்தாவது, பள்ளியிலிருந்து நேரே வந்த கெவின் கார்னெட். 1996இல் ஆலன் ஐவர்சன் விலகியபோது, ஜார்ஜ்டவுனில் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சனிடம் ஆடியவர்களில் என்.பி.ஏ.க்காக முன்கூட்டிச் சென்ற முதல் ஆள் அவரானார். டியூக்கில் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் அணி 1999வரை ஒருவரையும் இப்படி இழந்ததில்லை. அந்த ஒரே ஆண்டில் மூவர் போனார்கள்.

கோபி பிரையண்ட், டிரேசி மக்ரேடி, லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் கல்லூரி வாசலையே மிதிக்கவில்லை. 2001இல் குவாமி பிரவுன், பள்ளியிலிருந்து நேரே வந்து டிராஃப்டின் முதலிடத்தைப் பிடித்த முதல் வீரரானார். ஆட்டமோ அந்த இடத்துக்கு ஈடாகவில்லை. நியூயார்க் பள்ளிக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்த லென்னி குக், 2002இல் பெயர் கொடுத்தும் எந்த அணியாலும் எடுக்கப்படவில்லை. வெற்றிக் கதைகளுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு இத்தகைய கதைகளுக்குக் கிடைத்ததில்லை; 2013இல் வந்த ஆவணப்படம் ஒன்றால் குக்கின் பெயர் நின்றது.

ஒன் அண்ட் டன்

2005இல் என்.பி.ஏ.யும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும். அமெரிக்கராக இருந்தால் பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கேட்டது 20 வயது. பேரம் 19இல் முடிந்தது. ஹேவுட் வழக்கில் தோற்ற தடை இப்போது எப்படிச் செல்லும் என்றால், தொழிற்சங்கத்துடன் பேசி முடித்த விதிக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. சங்கத்தில் இன்னும் சேராத பள்ளி மாணவர்களின் உரிமையை, சங்கத்தில் இருந்த மூத்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள் என்றும் இதைச் சொல்லலாம்.

அணிகளுக்குத் தெளிவான லாபம். ஓராண்டு கல்லூரிச் செலவில் வீரரைச் சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம். ஒன் அண்ட் டன் என்று பேர்பெற்ற இந்த முறையில் 2007இல் கிரெக் ஓடனும் கெவின் டுராண்டும் முதலிரண்டு இடங்களில் சென்றார்கள். கைரி இர்விங் காயத்தால் டியூக்குக்கு ஆடியது 11 ஆட்டம்தான். 2011இல் முதலிடம் அவருக்கே. மெம்பிஸ் அணியில் 2008இல் டெரிக் ரோஸ் ஆடி இறுதிப்போட்டிவரை போனதை, அவருடைய நுழைவுத்தேர்வு மதிப்பெண் செல்லாது என்று காட்டி கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பின்னர் பதிவேட்டிலிருந்தே நீக்கியது.

இந்த முறையை வெளிப்படையாகத் தழுவியவர் பயிற்சியாளர் ஜான் கலிபாரி. கென்டக்கியில் அவருடைய முதல் பருவம் முடிந்த 2010இல் ஐந்து பேர் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். 2012இல் கோப்பை வென்ற கையோடு அந்தோனி டேவிஸும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டும் முதலிரண்டு இடங்களில் போனார்கள். அவரைப் பழித்தவர்கள் பலர், வென்றதைக் கண்டு வழிக்கு வந்தார்கள். ஒருகாலத்தில் ஒருவரையும் இழக்காத டியூக்கே 2015இல் மூன்று முதலாண்டு மாணவர்களை நம்பிக் கோப்பை வென்றது. மூவரும் உடனே கிளம்பினார்கள். இப்படிப்பட்ட வீரருக்கு வகுப்பறை என்பது ஏறக்குறைய ஒரு கல்விப் பருவம்தான்: முதல் பருவத்தில் தேவையான பாடங்களில் தேறினால் ஆட்டத்தகுதி நிலைக்கும், இரண்டாம் பருவம் முடியும்போது அவர் முகவரோடு இருப்பார். கல்விக்காக என்று ஆதரிக்கப்பட்ட விதியின் நடைமுறை இது.

2019 பிப்ரவரியில், வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில், டியூக்கின் சயான் வில்லியம்சன் காலில் இருந்த ஷூ கிழிந்து முழங்கால் சுளுக்கிக்கொண்டது. அடுத்த டிராஃப்டில் முதலிடம் நிச்சயம் என்றிருந்த ஒருவர் சம்பளமில்லாமல் ஏன் ஆட வேண்டும் என்று நாடே கேட்டது. அவர் குணமாகித் திரும்பி வந்து ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டே, கல்லூரிக் கூடைப்பந்து ஊழல் விசாரணையைத் தொடர்ந்து முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த குழு, இந்த முறையை ஒழிக்கப் பரிந்துரைத்திருந்தது. விதி அப்படியே நிற்கிறது.

கல்லூரியைச் சுற்றிப் போனவர்களும் உண்டு. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் ரோமாபுரியில் ஆடிவிட்டு வந்தார். லமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடினார். 2015இல் டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியரான பஞ்சாபின் சத்னாம் சிங், ஃபுளோரிடா பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். என்.பி.ஏ.யே 2020இல் இக்னைட் என்ற அணியைத் தொடங்கிப் பள்ளி முடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. மற்றொரு பஞ்சாபியான பிரின்ஸ்பால் சிங் அதன் முதல் பருவத்தில் இருந்தார்.

கல்லூரியில் காசு

2021 ஜூனில், மாணவ வீரர்களுக்குக் கிடைக்கும் பலன்களைப் பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் தளர்ந்தது. 2025இல், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தர நீதிமன்ற ஒப்புதலுடன் வழி பிறந்தது.

2021 டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 350க்கு மேல். 2025இல் அது நூறை ஒட்டி இறங்கிவிட்டது. முதல் ஐந்து, பத்து இடங்களுக்குரியவர்கள் இன்றும் போகிறார்கள். 2025இல் முதலிடம் பெற்ற டியூக்கின் கூப்பர் ஃப்ளாக் டிராஃப்ட் நாளில் 18 வயதுக்காரர், முதலாண்டுச் சம்பளம் சுமார் 1.38 கோடி டாலர். தங்குவது இடைநிலைக்காரர்கள். முதல் சுற்றின் கடைசியிலோ இரண்டாம் சுற்றிலோ வரக்கூடிய ஒருவருக்கு, ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் டாலர் தரும், என்.பி.ஏ.யின் துணைக் கூட்டமைப்பான ஜி லீக்கைவிடக் கல்லூரி பன்மடங்கு தருகிறது. அதே ஆண்டில் கல்லூரி வீரர் யாக்செல் லெண்டபோர்க் டிராஃப்டிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் போனது இந்தக் கணக்குக்கு நல்ல உதாரணம். அறுபது ஆண்டு உபதேசம் செய்யாததைச் சம்பளம் நான்கே ஆண்டில் செய்தது.

மகளிர் ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழவே இல்லை. டபிள்யூ.என்.பி.ஏ.வில் அமெரிக்க வீராங்கனைகளுக்கு 22 வயது அல்லது பட்டம் என்பது விதி; 2015இல் நோட்டர் டேமை ஓராண்டு முன்னதாக விட்டு முதலிடத்தில் எடுக்கப்பட்ட ஜுவெல் லாய்ட் போன்றோர் அரிது. போகவேண்டிய அவசரமும் இல்லை. ஐயோவாவில் நான்கு ஆண்டும் ஆடிய கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுத் தொழில்முறைச் சம்பளம், 2024இல், 76,535 டாலர். கல்லூரியில் இருக்கும்போதே விளம்பரங்களில் அவர் அதைவிடப் பல மடங்கு ஈட்டியிருந்தார்.

கல்லூரிக்கு மாற்றாகத் தொடங்கப்பட்ட இக்னைட் அணி 2024இல் மூடப்பட்டது. அதில் சம்பளம் பெற்று ஆடிய தியெரி டார்லான், 2025இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் மாணவ வீரராகச் சேர்ந்தார்.