காட்டன் என்ற ஒரு சொல்



போன வாரம் என் பேத்தி செய்தித்தாளோடு வந்தாள். "தாத்தா, காட்டன் சூதாட்டம்னு மூணு பேரைக் கைது பண்ணியிருக்காங்க. துணியில என்ன சூதாட்டம்?" என்றாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் அப்பா பிழைப்புக்காகப் புதுச்சேரி போனவர். அதனால் நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். அங்கே இதற்குப் பெயர் 'கோத்தோன்'. இதுவும் ஆங்கிலக் காட்டனும் 'குத்ன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. ஒரு வேலை கடினம் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் "செ கோத்தோன்", அதாவது 'அது பருத்தி' என்பார்கள். ஒருவர் உடம்பு நாளுக்கு நாள் மோசமானால், மட்டமான பருத்தியை நூற்கிறார் என்பார்கள்.

நமக்கோ செடியில் இருந்தால் பருத்தி, கொட்டை நீக்கினால் பஞ்சு, முறுக்கினால் நூல். புத்தகத்துக்கும் நூல் என்றே பெயர். நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறார்.

நம் பக்கத்தில் பருத்தியில் வீணாவது எதுவும் கிடையாது. கொட்டை மாட்டுக்கு. அதையே ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினால் பருத்திப்பால். காய்ந்த பருத்திமார் அடுப்புக்கு. கரிசலில் கருங்கண்ணி போட்டார்கள். கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா. அந்தக் கம்போடியா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாட்டின் பெயரோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த ரகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு எஸ்.வி.பி.ஆர். என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 30-ல் புதுச்சேரியில், உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓர் ஊருக்கு வாழ்வு வந்த வருடம், இன்னோர் ஊருக்குத் துக்க வருடம். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதுவும் பருத்திதான்.

இனி சூதாட்டத்துக்கு வருகிறேன். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் பம்பாய்க்குத் தந்தி வழியே வரும். அந்த எண்களை வைத்து அங்கே பந்தயம் கட்டினார்கள். 1960-களில் அந்த விலை வருவது நின்றதும், பானையிலிருந்து சீட்டு எடுத்து எண் சொன்னார்கள். மட்கா என்றால் பானை. பருத்தி போய்விட்டது, காட்டன் என்ற பெயர் மட்டும் நம் ஊர் வரை வந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளர் இருந்தார். பகலெல்லாம் காட்டன் சேலை நெய்வார், சாயங்காலம் காட்டனுக்கு எண் எழுதுவார். புதுத் தறிக்குக் கடன் வேண்டும் என்று ஒரு நாள் என்னிடம் வந்தார். மனு எழுதிக் கொடுத்தேன். அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, அதை விட்டுட்டேன்" என்றார், நம்பினேன். கடன் கிடைத்தது. ஆறு மாதத்தில் புதுத் தறியும் இல்லை, பழைய தறியும் இல்லை. கடனை அடைக்க அதை விற்றது அவர் சம்சாரம். அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பின் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

'பருத்திக்கு உழுமுன்னே பொம்மனுக்கு ஏழு முழம்' என்பார்கள். உழாமலே முழம் போடுகிற ஆட்டம்தான் இது.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆள் பாவம் தாத்தா" என்றாள். பாவம்தான். மனு எழுதிய கை என்னுடையது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.