ரிக் இல்லாமல் மோட்டார் இறக்குதல் (சாமராஜநகர்)

ஆழ்துளைக் கிணற்றில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கவோ, பழுதானால் மேலே ஏற்றவோ, துளை போட்ட ரிக் வண்டி தேவையில்லை. முக்காலி, செயின் பிளாக், இரண்டு கிளாம்ப், கைதேர்ந்த சில ஆட்கள் போதும்.

1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகரின் நிலத்தடி நைஸ், சார்னோகைட் என்ற கடும்பாறை. குண்டல்பேட்டை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரை நம்பித்தான் மஞ்சளும் வாழையும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. ரிக் வண்டிக்கு ஒரு முறைதான் வேலை. மோட்டாரோ காயில் எரிந்தும், மணல் அரித்தும், நீர்மட்டம் இறங்கியும் திரும்பத் திரும்ப மேலே வரும்.

மோட்டார் அடியில், பம்பு அதன்மேல், நீர் புகும் சல்லடை இரண்டுக்கும் நடுவே. முதல் குழாயை மாட்டி, கிளாம்ப் பூட்டி, செயினில் தூக்கிக் கேசிங்குக்குள் விடுவார்கள். கிளாம்ப் கேசிங் வாயில் உட்கார்ந்து பாரத்தைத் தாங்கும்போது அடுத்த குழாயைத் திருகுவார்கள். அதை இரண்டாம் கிளாம்பால் பிடித்துச் சற்றே தூக்கிய பிறகுதான் முதல் கிளாம்ப் கழலும். இந்த வரிசை பிசகினால் மொத்தமும் குழிக்குள் போய்விடும். பாதுகாப்புக் கயிறு கட்டுவது அதற்காகத்தான். கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டாவிட்டால் பாறையில் உரசிக் கிழியும். இரும்புக் குழாயின் நீளம் 20 அடி. 600 அடிக்கு 30 முறை இதே வேலை. எச்டிபிஇ சுருள் குழாயில் இடைமூட்டுகளே இல்லாததால் நேரம் வெகுவாக மிச்சமாகும். மோட்டாரை அடிமட்டம்வரை இறக்கக் கூடாது. சேற்றில் புதைந்தால் அதைக் குளிர்விக்கும் நீரோட்டம் நின்று காயில் எரியும்.

ரிக் இல்லாமல் பம்பை இறக்கும் தேவை கடலடி எண்ணெய்க் கிணறுகளிலும் உண்டு. எண்ணெய்க்கான நீர்மூழ்கி மின்பம்பை ரஷ்யாவிலிருந்து வந்த அர்மெய்ஸ் அருத்யூனோவ் 1920களில் அமெரிக்காவில் நிலைநாட்டினார். கடலில் ரிக் வாடகை மிக அதிகம். அது வரும்வரை கிணறு முடங்கும். ஆகவே எண்ணெய் ஏறும் குழாயை அசைக்காமல், அதற்குள்ளேயே எஃகுச் சுருள் குழாயிலோ எடை தாங்கும் கேபிளிலோ பம்பைத் தொங்கவிடும் முறைகள் உருவாயின. கிணற்றின் அழுத்தத்தை அடக்கியபடியே இறக்க வேண்டும் என்பது அங்குள்ள பெரிய சவால்.

கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரையிலான பாசன பம்புகளுக்கு மின்கட்டணம் இல்லை. எனவே ஏற்றி இறக்கும் கூலியும் காயில் கட்டும் செலவும்தான் உழவரை வாட்டுகின்றன. தண்ணீர் திடீரென்று குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டார்ட்டரை. மும்முனை மின்சாரத்தில் பேஸ் வரிசை மாறியிருந்தால் பம்பு எதிர்த்திசையில் சுற்றும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாலே சரியாகும். மோட்டாரை ஏற்ற வேண்டியதில்லை.