தரைக்குள் புதைத்த நஞ்சு



பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது தமிழ் மரபு. வெட்டினாலும் கொத்தினாலும் அது தாங்கும். குப்பையைக் கொட்டினாலும் உரமாக்கித் தரும். ஆயினும், மனிதன் ஆய்கூடத்தில் ஆக்கிய சில பொருள்களை அந்த நிலத்தாலும் செரிக்க இயலவில்லை. நெடுங்காலம் அவற்றை மறைத்து வைத்திருந்து, ஒருநாள் கிணற்று வழியே நம்மிடமே திருப்பித் தந்துவிடுகின்றது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் ஒன்று அமெரிக்காவில், கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வருக்கு அருகில் உள்ளது. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலம். 1942ஆம் ஆண்டில் டென்வருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்தை அமெரிக்க இராணுவம் பொறுப்பேற்றது. அங்கு வாழ்ந்த விவசாயக் குடும்பங்கள் வெளியேறின. நச்சுவாயுவும் தீக்குண்டும் செய்யும் றொக்கி மலை ஆயுதசாலை அவ்விடத்தில் எழுந்தது. போர் ஓய்ந்தபின், 1946இல் அதன் ஒரு பகுதி தனியார் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டது; 1952இல் அது ஷெல் கம்பனியின் கைக்கு மாறியது. மனிதரைக் கொல்லும் நஞ்சு பிறந்த இடத்திலே, பயிரைக் காக்கவென்று ஒல்ட்ரின், டீல்ட்ரின் முதலிய பூச்சிநாசினிகள் 1982 வரை உற்பத்தியாயின.

கழிவை என்ன செய்தார்கள்? முதலில் அதனை வெறும் மண்குளங்களிலே விட்டார்கள். நீர் வெயிலில் வற்றிவிடும், எஞ்சியது மண்ணோடு மண்ணாகிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. ஆனால் நீர் மேலே மட்டும் செல்லவில்லை; கீழும் இறங்கிற்று. 1954இல் வடக்கேயிருந்த கமக்காரர், தம் கிணற்று நீரை இறைத்த பயிர்கள் கெடுகின்றன என்று முறையிட்டனர். ஏறக்குறைய 3 மைல் தூரத்தைக் கடந்து வர அந்நஞ்சுக்கு ஏழெட்டு ஆண்டுகள் சென்றன என்று, றேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்ற நூலில் எடுத்துரைத்தார்.

முறைப்பாட்டுக்குப் பின் 1956இல், 93 ஏக்கர் பரப்பில், அடியில் தார் இட்ட புதிய குளமொன்று அமைக்கப்பட்டது. அதுவும் போதாமல், 12,000 அடிக்கு மேல் ஆழமான கிணறொன்றைத் தோண்டி, 1962 முதல் கழிவைப் பாறைக்குள் அழுத்திச் செலுத்தினர். அவ்வாண்டிலேயே டென்வர்ப் பகுதியில் நில நடுக்கங்கள் தோன்றின! கழிவு செலுத்திய அளவுக்கும் நடுக்கங்களுக்கும் உள்ள தொடர்பை டேவிட் எவன்ஸ் என்னும் புவியியலறிஞர் 1965இல் வெளிப்படுத்தினார். 1966இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. எனினும் அவற்றுள் மிக வலிய நடுக்கம் அடுத்த ஆண்டிலேதான் நிகழ்ந்தது. மேலே விட்டபோது கிணறு கெட்டது. ஆழத்தில் விட்டபோது நிலமே அதிர்ந்தது. நஞ்சு இடம் மாறிற்றேயன்றி ஒழியவில்லை.

1974இல் ஆயுதசாலை எல்லைக்கு வெளியேயும் அதன் இரசாயனங்கள் நீரிற் காணப்பட்டன. மறு ஆண்டு, கழிவு வெளியேறுவதைத் தடுக்குமாறு மாநில அரசு கட்டளையிட்டது. அதன் பின்னரே துப்புரவுப் பணி தொடங்கிற்று.

இப்பணி இருவகைத்து. முதலாவது, நீரைத் தூய்மையாக்கல். 1978 முதல், தரைக்கீழ் நீர் எல்லையைக் கடக்குமிடத்தில் களிமண் கலவையால் நிலத்துக்குள் சுவர் எழுப்பினர். சுவரில் தடைப்பட்ட நீரைக் கிணறுகளால் இறைத்து, பதப்படுத்திய கரியினூடே செலுத்தினர். நஞ்சு கரியிலே ஒட்டிக்கொள்ள, தெளிந்த நீர் சுவருக்கு அப்பால் மீண்டும் நிலத்துள் விடப்பட்டது. இரண்டாவது, மண்ணைச் சீர்செய்தல். டீல்ட்ரின் நீரில் எளிதிற் கரையாது; மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு பல்லாண்டு கிடக்கும். ஆகவே கெட்ட மண்ணை அகழ்ந்து, கசியாத தளமிட்ட பெருங்குழிகளில் அடக்கி, மேலே கனத்த மூடியிட்டனர். தார்க்குளத்தில் எஞ்சிய திரவத்தை 1993 முதல் 1995 வரை உலையிலிட்டு எரித்தனர். பெரும்பணி 2010இல் முடிவுற்றது. செலவு 200 கோடி டொலருக்கும் அதிகம். இராணுவமும் ஷெல் கம்பனியும் அதனைப் பகிர்ந்தன.

இதற்கிடையே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. மனிதர் நுழைய அஞ்சிய அந்நிலத்தில், வெண்டலைக் கழுகுகள் மாரிக்காலத்தில் வந்து தங்குவது 1986இல் கண்டறியப்பட்டது. 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவ்விடத்தை வனவிலங்குப் புகலிடமாக்கச் சட்டம் இயற்றியது. இன்று அங்கே காட்டெருமைகள் மேய்கின்றன.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. நீரிறைக்கும் பொறிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மண்ணில் அடக்கியது அழிந்ததாகாது. அதற்குக் காவல் வேண்டும். நாற்பதாண்டு உற்பத்திக்கு எத்தனை தலைமுறையின் காவல்!

ஒல்ட்ரினும் டீல்ட்ரினும் 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையால் உலகளவில் விலக்கப்பட்டன. இலங்கையும் 2005இல் அதனை ஏற்றது. ஆனால் சட்டம் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, வாடிய பயிரைக் கையிற் கொண்டு உண்மையைச் சொன்னவர் அந்தக் கமக்காரரே. கிணற்று நீரின் சுவை மாறிற்று என்று ஒருவர் கூறினால், அதனைச் செவிமடுத்து உடனே ஆராய்வதே அறிவுடைமை. காலம் தாழ்த்திக் கேட்கும் செவிக்கு, நிலம் பெருவிலை கேட்கும்.