எலி தோற்றது, நத்தை வென்றது

சட்டப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிற எதிரணி நண்பர்களே!

'சட்டம் வளர்வது ஏட்டிலா, வழக்கிலா?' என்பது தலைப்பு. வழக்கிலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நான் தமிழ் வாத்தியார். எங்களுக்கு 'வழக்கு' என்றால் இரண்டு பொருள். ஊர்ப் பழக்கமும் வழக்கு. கோர்ட்டில் போடுவதும் வழக்கு. இந்த இரண்டும் ஒன்றாய்க் கலந்து பிறந்ததுதான் இங்கிலாந்தின் 'காமன் லா'.

1154 முதல் 1189 வரை அங்கே இரண்டாம் ஹென்றி அரசர். அது ஊருக்கு ஒரு பழக்கம், பிரபுவுக்கு ஒரு நீதிமன்றம் என்றிருந்த காலம். ராஜா தன் நீதிபதிகளை நாடு முழுக்கச் சுற்றிவர அனுப்பினார். அவர்கள் ஊர்வழக்கைக் கேட்டார்கள்; தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்புகளிலிருந்து காலப்போக்கில் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் உருவாயிற்று. பொதுவானதால் 'காமன்'.

அதன் அடிப்படை என்ன? ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரி தீர்ப்பு. மூத்த மருமகளுக்கு ஒரு நியாயம், இளைய மருமகளுக்கு ஒரு நியாயம் கூடாது! (சிரிப்பு) மேல்கோர்ட் தீர்ப்பு கீழ்கோர்ட்டைக் கட்டும். அதிலும், முடிவுக்கு அடிப்படையான காரணம் மட்டுமே கட்டும். நீதிபதி போகிற போக்கில் சொன்னது கட்டாது.

எதிரணித் தலைவர் கேட்டார்: "பழைய தீர்ப்பையே பிடிச்சுக்கிட்டிருந்தா சட்டம் எப்படிய்யா வளரும்?" நல்ல கேள்வி. பதிலை ஒரு நத்தைகிட்ட கேட்போம்.

1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம். மே டோனோகு என்ற ஏழைப் பெண்ணுக்குத் தோழி இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தாள். பயப்படாதீங்க, நம்ம ஊர் கலர் மாதிரிதான்! (சிரிப்பு) உள்ளே இருப்பது தெரியாத கறுப்பு பாட்டில். கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை ஊற்றினால் அழுகிய நத்தை விழுந்தது, வயிறு கெட்டது என்பது அந்த அம்மாவின் புகார்.

காசு கொடுத்தது தோழி. ஆகவே கடைக்காரரோடும் டோனோகுவுக்கு ஒப்பந்தம் இல்லை. தயாரித்த ஸ்டீவன்சனோடும் இல்லை. போதாக்குறைக்கு 1929-ல் ஸ்காட்லாந்திலேயே, இஞ்சி பீர் பாட்டிலில் எலி கிடந்ததாகச் சொன்ன வழக்கில், அதைக் குடித்த பிள்ளைகள் தரப்பு தோற்றிருந்தது. அந்த எலித் தீர்ப்பைப் பின்பற்றி எடின்பரோ மேல்கோர்ட்டும் டோனோகுவைக் கைவிட்டது.

அந்த அம்மா விடவில்லையே! கையில் காசில்லாத ஏழை என்று சத்தியம் செய்து, லண்டன் பிரபுக்கள் சபைவரை போனார். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. ஆனாலும் இந்தப் பொருளில் இரு நாட்டுச் சட்டமும் ஒன்றே என்று கொண்டு, 1932 மே 26 அன்று, ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றார்கள். 'என் செயலால் யார் பாதிக்கப்படலாம் என்று நான் முன்கூட்டியே உணர முடியுமோ, அவர் எனக்கு அண்டை வீட்டுக்காரர். அவரிடம் எனக்குக் கவனம் வேண்டும்' என்பதே அட்கின் பிரபு சொன்னதன் சாரம். எலி தோற்றது, நத்தை வென்றது! (கைதட்டல்)

நத்தை நிஜமாகவே இருந்ததா? அது நிரூபிக்கப்படவே இல்லை! புகார் உண்மையானால் வழக்கு நிற்குமா என்பதே அங்கே கேள்வி. நிற்கும் என்றானதும், பின்னால் சமரசத்தில் முடிந்தது.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால் இங்கிலாந்து நீதிபதி பணியத்தான் வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் ஏடு வரும்வரை அடிபட்டவர் எங்கே போவார்? நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. பொருளால் நேரும் கேட்டுக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே போட்டது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு முன்னே போனது. ஏடு பின்னே வந்தது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 141-ஆம் பிரிவே சொல்கிறதே!

நடுவர் அவர்களே! ஏடு எல்லோரையும் மொத்தமாகப் பார்த்து எழுதப்படுகிறது. நீதி கேட்டு வருகிறவர் ஒற்றை ஆளாக வருகிறார். அந்த ஒற்றை ஆளிடம் "உன் கதை புத்தகத்தில் இல்லை, போ" என்று சொல்லாமல், உட்கார வைத்துக் கேட்பது வழக்கு. ஆகவே சட்டம் வளர்வது வழக்கிலே, வழக்கிலே என்று கூறி விடைபெறுகிறேன். (கைதட்டல்)