தாய்மைக் காலத்தில் எலும்பைக் காப்போம்

வயிற்றில் வளரும் குழந்தையின் எலும்புகளுக்கான கால்சியம் முழுவதும் தாயிடமிருந்தே செல்கிறது. பிரசவத்துக்குள் சுமார் 30 கிராம் போய்விடும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறையலாம். பால் மறக்கடித்த ஆறு மாதங்களில் பெரும்பாலும் அது சரியாகிவிடும். எனவே எலும்பு தேய்ந்துவிடுமோ என்று பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் மிகச் சிலருக்கு ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரை ஏற்பட்டு முதுகெலும்பே முறிவதுண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பிரசவத்துக்குப் பின்னரோ திடீரெனக் கடுமையான முதுகுவலி வந்தால், 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

* பால், தயிர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் கால்சியம் அதிகம்.

* கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகச் சாப்பிடாதீர்கள். இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கால்சியம் குறைத்துவிடும். இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

* கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். வெளியே செல்லும்போது உடலை முழுவதும் மறைப்பவர்கள் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கை, கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் இருக்கலாம்.

* எலும்புப்புரைக்கு ஏற்கனவே மருந்து எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் கர்ப்ப காலத்தில் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாய்க்கு, முதல் டம்ளர் பாலைக் கொடுப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.